பின்கட்டில் கிடக்கும் மலைமிதிவண்டி

நம் இல்லங்கள் பலவற்றில், பின்கட்டிலோ மாடிப்படிக்கு அடியிலோ, கியர் பூட்டிய சைக்கிள் ஒன்று சுவரில் சாய்ந்து கிடப்பதைக் காணலாம். பத்தாம் வகுப்பில் மகன் நல்ல மதிப்பெண் பெற்றான் என்று வாங்கித் தந்தது. ஈராண்டு நன்றாகவே ஓடியது. பிறகு கியர் மாற்றும் ஒயர் அறுந்தது. பின்சக்கரத்தருகே தொங்கும் கியர் மாற்றி ஒரு கல்லில் மோதி வளைந்து, சக்கரக் கம்பிகளுக்குள் புகுந்தது. பழுது பார்ப்பவரிடம் கொண்டு போனால், ‘இதற்குச் சாமான் கிடைக்காது, வேறு வாங்கிக் கொள்ளுங்கள்’ என்று கைவிரித்தார். அன்றோடு சரி. இன்று அதன்மேல் ஈரத்துணி உலர்கிறது. மகனோ புதிதாக ஒன்று கேட்கிறான். தகப்பனார் தவணை முறையில் வாங்கலாமா என்று கணக்குப் போடுகிறார்.

அந்தத் தகப்பனாரோடும் மகனோடும் சிறிது நேரம் பேசுவதே இக்கட்டுரையின் நோக்கம். கெட்டுப்போனது சைக்கிள் அன்று, அதன் கியர்ப் பகுதி மட்டுமே. அப்பகுதியை முழுவதும் கழற்றிவிட்டு, முன்னே ஒரு பல்சக்கரம், பின்னே ஒரு பல்சக்கரம், இடையே ஒரு செயின் என்று அமைத்துக் கொண்டால், மேடு பள்ளத்திலும் சரளைக்கல் பாதையிலும் ஓடக்கூடிய உறுதியான வண்டி கிடைத்துவிடும். மேனாட்டார் இதனைச் ‘சிங்கிள் ஸ்பீட்’ மலைமிதிவண்டி என்பர். வசதி படைத்தவர்கள் இதற்கென்றே செய்யப்பட்டதை விலை கொடுத்து வாங்குகின்றனர். நாம் பழையதிலிருந்தே ஆக்கிக் கொள்ளலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை: இவ்வேலையில் பணப்பையை இறுக்கிக் கட்ட வேண்டிய இடங்கள் உண்டு, தயங்காமல் அவிழ்க்க வேண்டிய இடங்களும் உண்டு. இரண்டையும் இடம் மாற்றிக் கொள்பவன் மலைச்சரிவில் தன் உயிரோடு விளையாடுகிறான்.

‘கியர் இல்லாத சைக்கிளைத்தானே நம் பாட்டனாரும் தபால்காரரும் பால்காரரும் ஓட்டினார்கள்? இதில் என்ன புதுமை கண்டீர்?’ என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. விடை பற்களின் எண்ணிக்கையில் இருக்கிறது. அதைச் சற்றுப் பின்னர்ச் சொல்கிறேன். அதற்கு முன், மலைமிதிவண்டி எங்கே, எவ்வாறு பிறந்தது என்பதைப் பார்த்துவிடுவோம். ஏனெனில் அது பிறந்ததே ஏழை வண்டியாக, ஒற்றைப் பல்சக்கரத்தோடுதான்.

குப்பையிலிருந்து வந்த வண்டி

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சான் பிரான்சிஸ்கோ நகருக்கு வடக்கே, பெரிய கடற்பாலத்தைத் தாண்டியதும் மாரின் என்னும் மாவட்டம் வருகிறது. அங்கே தமால்பைஸ் என்றொரு மலை. (பெயரைக் கேட்டதும் நம்மவர் சிலர் அதைத் தமிழோடு உறவு கொண்டாடப் புறப்பட்டுவிட வேண்டாம், அது அந்நிலத்துப் பழங்குடியினரான மிவோக் மக்களின் மொழியிலிருந்து வந்த பெயர்.) அம்மலையையும் அதைச் சூழ்ந்த குன்றுகளையும் வளைத்து, காட்டுத்தீ அணைக்கும் வண்டிகள் செல்வதற்காக வெட்டப்பட்ட மண்பாதைகள் பல உண்டு. 1970-களின் நடுவில் அவ்வூர் இளைஞர் சிலர் இப்பாதைகளில் சைக்கிளில் இறங்கி விளையாடத் தொடங்கினர்.

அவர்களுள் பலர் சாலைப் பந்தயங்களில் ஓடியவர்களே. ஆனால் பந்தயச் சைக்கிளின் மெல்லிய டயர் இத்தகைய பாதைக்கு உதவாது. ஆகவே, 1930-களிலும் 1940-களிலும் ஷ்வின் என்னும் நிறுவனம் செய்திருந்த பழைய இரும்புச் சைக்கிள்களைப் பழைய சாமான் கடைகளிலும் கொட்டகைகளிலும் தேடிப் பிடித்தனர். சக்கரம் 26 அங்குலம்; டயரின் பருமன் இரண்டு அங்குலத்துக்கும் மேல். மட்கார்டு, கேரியர், மணி ஆகிய எல்லாவற்றையும் கழற்றி வீசினர். மிஞ்சியதற்குக் ‘கிளங்கர்’ என்று பெயர் வைத்தனர். ‘ஓட்டை உடைசல்’ என்று நாம் பெயர்த்துக் கொண்டால் பொருள் கெடாது. அதற்குக் கியர் ஒன்றே. பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பின்சக்கர ஹப்புக்குள்ளேயே பிடிக்கும் பிரேக்கும் ஒன்றே.

பேர்பாக்ஸ் என்னும் சிற்றூருக்கு அருகே அவர்கள் தேர்ந்துகொண்ட இறக்கம் ஒன்று, ஏறத்தாழ இரண்டு மைல் தூரத்துக்குள் 1,300 அடி தாழ இறங்குகிறது. 1976 அக்டோபர் 21-ஆம் நாள் அங்கே கடிகாரம் வைத்து முதற்பந்தயம் நடத்தினர். பாதி வழியிலேயே பின்பிரேக் சூடேறி, ஹப்பில் அடைத்திருந்த கிரீஸ் முழுவதும் உருகிப் புகைந்து போய்விடுமாம். ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பிறகும் ஹப்பைப் பிரித்து, மீண்டும் கிரீஸ் அடைத்தாக வேண்டும். ‘மீண்டும் அடை’ எனப் பொருள்படும் ‘ரீபேக்’ என்பதே அவ்விறக்கத்தின் பெயராக நிலைத்துவிட்டது. கேரி பிஷர் என்பவர் அதனை 4 நிமிடம் 22 விநாடியில் இறங்கியது சாதனையாகப் பேசப்படுகிறது. உருகிப்போன அந்தக் கிரீஸை வாசகர்கள் நினைவில் வைத்துக் கொள்ள வேண்டும்; பிரேக்கைப் பற்றிப் பேசும்போது அது நமக்குத் தேவைப்படும்.

இறங்குவதில் இருந்த இன்பம் ஏறுவதில் இல்லை. கனத்த வண்டியைத் தள்ளிக் கொண்டோ, லாரியில் ஏற்றிக் கொண்டோதான் மேலே செல்ல வேண்டியிருந்தது. ஆகவே பிஷரும் பிறரும் பழைய பிரேமிலேயே கியர்களைப் பூட்டினர். 1977-இல் ஜோ பிரீஸ் என்பவர் இவ்விளையாட்டுக்கென்றே புதிய பிரேமை வடித்தார். 1979-இல் பிஷரும் சார்லி கெல்லியும் சேர்ந்து ‘மௌண்டன் பைக்ஸ்’ என்ற பெயரிலேயே கடை தொடங்கினர். 1981-இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் 15 கியர்களைக் கொண்ட ‘ஸ்டம்ப்ஜம்பர்’ என்னும் வண்டியை ஜப்பானில் செய்வித்துச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதன்பின் உலகெங்கும் பெருக்கம்தான். 15 ஆனது 21, 24, 27 என்று வளர்ந்தது. வளர வளர, சிலருக்கு அலுப்பும் தட்டியது. 1990-களில் அதே கலிபோர்னியாவிலும் பிற இடங்களிலும் ஒரு கூட்டத்தார் வேண்டுமென்றே கியர்களைக் கழற்றிவிட்டு ஒற்றைப் பல்சக்கரத்துக்குத் திரும்பினர். வேடிக்கை என்னவென்றால், இன்று விலை மிகுந்த மலைமிதிவண்டிகளிலும் முன்பக்கத்துக் கியர்கள் போய்விட்டன. முன்னே ஒரே சக்கரம்தான். பின்னே மட்டும் பன்னிரண்டு வரை வைத்துக் கொள்கிறார்கள்.

பற்களின் கணக்கு

இப்போது பால்காரர் சைக்கிளுக்கு வருவோம். முன்சக்கரத்தின் பற்களைப் பின்சக்கரத்தின் பற்களால் வகுத்து, வரும் ஈவைச் சக்கரத்தின் விட்டத்தால் பெருக்குக. முன்னே 44 பல்லும், பின்னே 18 பல்லும், 28 அங்குலச் சக்கரமும் கொண்ட சைக்கிளுக்கு 68 அங்குலம் என்று வரும். முன்சக்கரத்தின் அச்சிலேயே பெடலைப் பொருத்தியிருந்த பழங்காலத்து உயரச் சைக்கிளாக இருந்தால் அச்சக்கரத்தின் விட்டம் எவ்வளவு இருந்திருக்கும் என்பதையே இவ்வெண் குறிக்கிறது. பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் அந்த வண்டி ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் ஓடும். சமதரையில் பால் கேனோடு நிதானமாகப் போவதற்கு ஏற்ற அளவு இது. ஆனால் இதே வண்டியை மலைப்பாதையில் ஏற்றிப் பாருங்கள். நூறடி ஏறுமுன் முழங்கால் கெஞ்சும்.

மலைமிதிவண்டிக்கு இந்த எண்ணைக் குறைத்தாக வேண்டும். 26 அங்குலச் சக்கரத்துக்கு ‘இரண்டுக்கு ஒன்று’ என்பது ஓட்டிகள் வழிவழியாகக் கைக்கொள்ளும் விதி: முன்னே 32, பின்னே 16. கணக்குப் போட்டால் 52 அங்குலம். பெடல் ஒரு சுற்றுக்கு நான்கு மீட்டரும் சில விரற்கடையும் ஓடும். நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம். சாலையில் மற்றவர்கள் நம்மைக் கடந்து போவார்கள்தாம், போகட்டும். பாதை செங்குத்தானதாக இருப்பின் பின்னே 18 பல் வைக்க வேண்டும். எண் 46 ஆகிவிடும். பை நிறையச் சுமையும் உண்டென்றால் 20 பல்லும் தகும்.

பையன்கள் எப்போதும் வேகத்தைக் கருதிக் கனத்த கியரையே கேட்பார்கள். அதற்கு இணங்க வேண்டாம் என்பதே என் கருத்து. இலேசானதில் தொடங்கி, கால் பழகிய பின் ஒரு பல்லோ இரண்டு பல்லோ குறைத்துக் கொள்ளலாம். பின்பக்கத்துப் பிரீவீல் விலை மலிவானது, எந்நேரமும் மாற்றலாம். பதினாறு வயதுப் பையனின் முழங்காலுக்கு மாற்றுச் சாமான் கிடையாது. ஒற்றைப் பல்சக்கர வண்டியில் மேட்டைக் கண்டதும் கியரைத் தேடிக் கட்டைவிரல் ஓட வேண்டியதில்லை. மேட்டுக்கு முன்பே வேகம் கூட்டி, இருக்கையைவிட்டு எழுந்து நின்று மிதிக்க வேண்டும். அதற்கும் மசியாத மேட்டில் இறங்கித் தள்ள வேண்டியதுதான். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

எந்தப் பிரேம் உதவும்?

மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் பங்கைச் சேர்ந்த இளைஞன் ஒருவன் பாலிடெக்னிக் சேர்ந்தான். ஊரிலிருந்து கல்லூரிக்கு ஒன்பது கிலோமீட்டர். அதில் மூன்று கிலோமீட்டர் சரளை ஏற்றம். பேருந்து காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. புதிய சைக்கிளுக்காகத் தகப்பனார் வட்டிக்குப் பணம் வாங்கவிருந்தார். வட்டிக்காரரிடம் போகுமுன் வீட்டில் கிடந்த பழைய பதினெட்டுக் கியர் சைக்கிளைப் பங்கு இல்லத் திண்ணைக்குக் கொண்டுவரச் சொன்னேன். நாற்பதாண்டுகளாகச் சைக்கிள் கடை வைத்திருந்து ஓய்வெடுத்துக் கொண்ட ஓர் அண்ணாச்சி மேற்பார்வைக்கு வந்தார். நான்கு சனிக்கிழமை மாலைகளில் வேலை முடிந்தது. கீழே சொல்வதில் பாதி அவரிடம் கேட்டுக் கொண்டது.

வேலையைத் தொடங்குமுன் அவர் பிரேமைச் சோப்புத் தண்ணீரால் கழுவச் சொல்லி, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஹேண்டில்பார் கழுத்துக் குழாயோடு மற்றக் குழாய்கள் சேரும் இடம், பெடல் அச்சைச் சூழ்ந்த பற்றவைப்பு, பின்சக்கர அச்சு உட்காரும் காடி ஆகிய இடங்களில் மயிரிழை போன்ற விரிசல் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். கழுத்தருகே பெயிண்ட் சுருங்கியிருந்தாலோ, குழாயில் புடைப்பு இருந்தாலோ, வண்டி எங்கோ முட்டியிருக்கிறது என்று பொருள். விரிசல் கண்ட பிரேமைப் பற்றவைத்து ஓட்டுவோம் என்பது வீண் துணிச்சல். இரும்புக் கடைக்கு எடையில் போட்டுவிட வேண்டும்.

முன்னும் பின்னும் ஸ்பிரிங் வைத்த வண்டிகள் பார்வைக்கு மிடுக்கானவை. நம் வேலைக்கு ஆகாதவை. பின்பகுதி ஸ்பிரிங்கில் ஆடும்போது பெடல் அச்சுக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே உள்ள தூரம் மாறும். ஒற்றைச் செயின் ஒரு கணம் விறைக்கும், மறுகணம் தொங்கும். முன்போர்க்கில் உள்ள மலிவான ஸ்பிரிங்கும் பெரும்பாலும் துருவேறிச் செயலற்றுக் கிடக்கும். பளுவைக் கூட்டுவது தவிர அதனால் பயனில்லை. அதே அளவில் சாதாரண இரும்புப் போர்க் கிடைத்தால் மாற்றிவிடுவது நலம்.

கழற்றுவதில் உள்ள சூட்சுமம்

கழற்றும் வேலையில் பலர் தோற்பது புரியின் திசையறியாமையால். இடப்பக்கத்துப் பெடல் இடப்புரி கொண்டது. பெடல் அச்சைத் தாங்கும் வலப்பக்கத்துக் கப்பும், இவ்வகை வண்டிகளில், பெரும்பாலும் இடப்புரிதான். பையன் நீண்ட ஸ்பானரை மாட்டி, தன் வலிமையெல்லாம் கூட்டித் திருகத் தொடங்கியபோது, ‘ஏலே, நிறுத்து! நீ கழற்றலை, இறுக்குற!’ என்று அண்ணாச்சி சத்தம் போட்டார். மூன்று சொட்டு எண்ணெய் விட்டு, இரவு முழுவதும் ஊறவிட்டு, மறுவாரம் எதிர்த்திசையில் திருகியதும் கப்பு இளகிக் கொடுத்தது. உள்ளே பால்ரஸ் குண்டுகள் அழுக்கோடு உறைந்து கிடந்தன. குண்டுகளுக்குப் புதியவை மாற்றி, கிரீஸ் வைத்து மூடினோம். இதற்கு ஆகும் செலவு அற்பமானது.

பின்சக்கரத்து ஆறடுக்குப் பிரீவீலைக் கழற்றுவதே பெரிய பாடு. மிதிக்க மிதிக்க அது இறுகிக் கொண்டே வந்திருக்கும். அதன் நடுவில் உள்ள காடிகளில் பொருந்தும் கருவியைப் போட்டு, அச்சின் நட்டைக் கொண்டே அதை நழுவாதபடி பிடித்து, கருவியைப் பட்டறை வைஸில் கவ்வ வேண்டும். பிறகு சக்கரத்தையே ஸ்டீயரிங் போல இரு கையாலும் பிடித்து இடப்பக்கமாகத் திருப்ப வேண்டும். இளகியவுடன் அந்த நட்டைத் தளர்த்திவிட்டுத் தொடர வேண்டும். கருவியை விலைக்கு வாங்க வேண்டியதில்லை. எந்தக் கடையிலும் ஐந்து நிமிட வேலை. அவ்விடத்தில் ஒற்றைப் பிரீவீலை முதலில் கையாலேயே திருகிப் பார்க்க வேண்டும். இரண்டு மூன்று சுற்று தடையின்றி ஏறினால் புரி பொருந்துகிறது. முரண்டு பிடித்தால் வேறு பிரீவீல் தேட வேண்டும். ஸ்பானரால் வன்முறை செய்தால் ஹப் போயிற்று.

சில வண்டிகளில் புரியின்றிப் பள்ளமும் மேடுமான உருளையில் பல்சக்கரங்களைச் செருகியிருப்பார்கள். அதுவானால் செலவு இன்னும் குறைவு. பழைய அடுக்கிலிருந்தே 16 அல்லது 18 பல் உள்ள ஒன்றைப் பிரித்தெடுத்து, இரு பக்கமும் பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாயை வளையமாக அறுத்துச் செருகி, பழைய மூடியால் இறுக்கிவிடலாம். ஆனால் அப்பற்கள் செயின் எளிதில் தாவுவதற்கென்றே குட்டையாகவும் சாய்வாகவும் வெட்டப்பட்டவை. ஒற்றைச் சக்கரத்துக்கென்று செய்யப்பட்ட உயரப் பல்லே செயினை நன்றாகப் பிடிக்கும்.

முன்பக்கத்து மூன்று பல்சக்கரங்களில் நடுவில் இருப்பது பல வண்டிகளில் 32 பல்லாகவோ அதற்கு அருகிலோ இருக்கும். அதையே வைத்துக் கொள்ளலாம். போல்ட் போட்டவையானால் மற்ற இரண்டையும் நீக்கிவிட்டு, குட்டை போல்ட் போட வேண்டும். பழைய நீள போல்ட்டானால் வாஷர் வைத்து நீளத்தைச் சரிக்கட்ட வேண்டும். ஆணியடித்து இணைத்தவையானால் அப்படியே விட்டுவிடலாம். வெளிச்சக்கரம் கல்லிலிருந்தும் கால்சட்டையிலிருந்தும் செயினைக் காக்கும் கேடயமாக இருந்துவிட்டுப் போகட்டும்.

இவ்வளவும் ஆனபின், வண்டிக்குப் பின்னே குந்தி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்க வேண்டும். பின்பல்லும் முன்பல்லும் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றனவா? கோணலாக ஓடும் செயின் கரகரக்கும், விரைவில் தேயும், எதிர்பாராத வேளையில் கழன்று விழும். எங்கள் வண்டியில் பின்பல் அரை விரற்கடை உள்ளடங்கி நின்றது. அச்சின் வலப்பக்கத்து வாஷர்களில் சிலவற்றை எடுத்து இடப்பக்கத்தில் போட்டதும் ஹப் வலப்பக்கம் நகர்ந்தது. சக்கரத்தின் ரிம் இப்போது நடுவிலிருந்து விலகி நிற்குமல்லவா? கம்பிகளை இறுக்கியும் தளர்த்தியும் கோட்டம் எடுத்து, மீண்டும் நடுவுக்குக் கொண்டுவந்தார் அண்ணாச்சி. இதில் எதிர்பாராத ஆதாயம் ஒன்று உண்டு. கியர்ச் சக்கரத்தில் ஆறு பல்சக்கரத்துக்கு இடம்விட வேண்டியிருப்பதால் வலப்பக்கத்துக் கம்பிகள் ஏறக்குறையச் செங்குத்தாக நின்று பெரும்பளுவைத் தாங்கும். அடிக்கடி அறுவதும் அவையே. ஹப் நகர்ந்தபின் இருபக்கச் சாய்வும் ஒன்றையொன்று நெருங்கிவிடுகின்றன. சக்கரம் முன்னினும் வலிமை பெறுகிறது.

செயினின் தளர்ச்சி

பால்காரர் சைக்கிளில் பின் அச்சு உட்காரும் காடி நீளமாக இருக்கும். செயின் தளர்ந்தால் சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்து நட்டை இறுக்கிவிடுகிறோம். அத்தகைய காடி உங்கள் மலைமிதிவண்டியில் இருந்தால் அதிருஷ்டம்தான். பெரும்பாலும் காடி கீழ்நோக்கி நிற்கும். அச்சை முன்பின் நகர்த்த வழியில்லை. கியர் வண்டியில் தளர்ச்சியை ஏற்றுக் கொண்டிருந்தது, நாம் கழற்றி எறிந்த அந்தக் கியர் மாற்றிதான்!

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, தானாகவே பொருந்தும் பற்சேர்க்கையைத் தேடிப் பிடிப்பது. ஒரு பல் கூட்டினால் பின் அச்சை ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் நகர்த்தியதற்குச் சமம். ஆகவே 16-க்குத் தொங்கும் செயின் 17-க்கோ 18-க்கோ கச்சிதமாக அமையக்கூடும். கையில் பிரீவீல் பலவற்றை வைத்துக்கொண்டு பார்ப்பவர்க்கே இது கைகூடும். மேலும் செயின் தேயத் தேயத் தளர்ச்சி மீண்டும் தலைகாட்டும். மற்ற வழி, கியர் மாற்றியையே மீண்டும் வேலைக்கு அழைப்பது. அதன் இரு சிறு சக்கரங்கள் செயினைக் கீழிருந்து இழுத்துப் பிடிக்கும். கியர் மாற்றும் வேலை அதற்கு இனி இல்லை. ஆகவே அதன் எல்லைத் திருகை முடுக்கி, சிறு சக்கரங்கள் பின்பல்லுக்கு நேர்கீழே நிற்கும்படி செய்துவிட்டால் போதும். திருகு அவ்வளவு தூரம் எட்டாவிட்டால், பழைய ஒயரில் ஒரு சாண் வெட்டி, குமிழ் உள்ள முனையை அதன் வாயிலேயே தங்கவைத்து, வேண்டிய இடத்துக்கு இழுத்து மறுமுனையை இறுக்கிவிடலாம். எங்கள் வண்டியில் இருந்தது முற்றும் வளைந்து போயிருந்தது. அண்ணாச்சியின் தகரப் பெட்டியில் எப்போதோ யாரோ விட்டுப்போன மற்றொன்று கிடந்தது. செலவு பூச்சியம்.

இவ்வாறு கீழிருந்து இழுக்கும் கருவி பூட்டிய வண்டியில், மாரின் இளைஞர் கொண்டிருந்தது போன்ற பின்மிதி பிரேக்கை ஒருபோதும் வைக்கலாகாது. பின்னோக்கி மிதிக்கும்போது செயினின் கீழ்ப்புறம்தான் விறைக்கும். அவ்விசையில் கருவி முறிந்து போகும்.

செயினைப் புதிதாகவே வாங்க வேண்டும். பழையதை மண்ணெண்ணெயில் கழுவி மீண்டும் போடலாம் என்று தகப்பனார் சொன்னார். அவர் மனம் எனக்குப் புரிந்தது. அண்ணாச்சி பதில் பேசாமல் ஓர் அடிக்கோலை எடுத்துச் செயின்மேல் வைத்தார். புதிய செயினில் ஓர் ஊசியிலிருந்து இருபத்து நான்காம் ஊசிவரை அளந்தால் சரியாக 12 அங்குலம் இருக்கும். அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடினால் செயினை மாற்ற வேண்டும். எட்டில் ஒரு பங்கு கூடினால் பற்களும் கெட்டிருக்கும். எங்களுடையது எட்டில் ஒன்றையும் தாண்டியிருந்தது. ஒற்றைப் பல்சக்கரத்தில் எழுந்து நின்று மிதிப்பவனின் முழு உடற்பளுவும் அந்தச் செயினில்தான் தொங்குகிறது. அது அறுந்தாலோ பல்லைவிட்டுத் துள்ளினாலோ, ஓட்டுபவன் பிரேமின் மேற்குழாயில் விழுவான். அல்லது ஹேண்டில்பாரைத் தாண்டிப் போவான்.

அவிழ்க்க வேண்டிய இடம்

பிரேக்கே அவ்விடம். ரீபேக் இறக்கத்தில் உருகிய கிரீஸை இங்கே நினைவுகூர்க. ஒரே பிரேக்கை நம்பி மலையிறங்கியவர்கள் பட்ட பாடு அது. பின்னாளில் முன்சக்கரத்திலும் வலிமையான பிரேக்கை அவர்கள் பூட்டிக் கொண்டது காரணமின்றி அன்று. இறக்கத்தில் உடலின் பளு முன்னே சாய்வதால், வண்டியை நிறுத்தும் ஆற்றலில் பெரும்பங்கு முன்பிரேக்குக்கு உரியது.

எங்கள் இளைஞனின் வண்டியில் மினுமினுக்கும் குரோமியம் பூசிய இரும்பு ரிம் இருந்தது. ‘சாமி, மத்ததுல மிச்சம் பிடிங்க. முன்ரிம்மை மட்டும் அலுமினியமா மாத்திடுங்க. மழை பெஞ்சா இந்த இரும்புல கட்டை வழுக்கிக்கிட்டே போகும்’ என்றார் அண்ணாச்சி. உண்மைதான். நனைந்த குரோமியத்தில் ரப்பர்க் கட்டையின் பிடிப்பு மிகவும் தாழ்ந்துவிடும். நனைந்த அலுமினியம் அத்தனை மோசம் செய்வதில்லை. இரு சக்கரத்துக்கும் மாற்ற வசதியில்லாதவர் முன்சக்கரத்தையேனும் மாற்ற வேண்டும். ரிம்மின் துளைகளும் ஹப்பின் துளைகளும் எண்ணிக்கையில் ஒத்திருக்க வேண்டும். பெரும்பாலும் 36, சிலவற்றில் 32. ரிம் மாறினால் கம்பியின் நீளமும் மாறக்கூடும் என்பதால், பழைய சக்கரத்தைக் கையோடு கடைக்குக் கொண்டு செல்வது நல்லது. நான்கு கட்டைகளும் புதியவை. இரண்டு பிரேக் ஒயர்களும், உறையோடு, புதியவை. இங்கே பேரம் பேசலாம், குறைக்கலாகாது.

டயர் வாங்கும்போது ஒரு பொறி இருக்கிறது. ‘26 அங்குலம்’ என்று கேட்டு வாங்கி வந்தால் பொருந்தாமல் போகலாம். மலைமிதிவண்டியின் அளவு 26 × 1.95 என்பது போலத் தசமத்தில் எழுதப்படுகிறது. அதன் ரிம் விட்டம் 559 மில்லிமீட்டர். 26 × 1⅜ என்று பின்னத்தில் எழுதப்பட்டிருந்தால் அது 590 மில்லிமீட்டர் ரிம்முக்கு உரியது. இரண்டும் 26 அங்குலம்தான். ஒன்று மற்றொன்றில் ஏறாது. டயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் 559 என்ற எண்ணைப் பார்த்து வாங்குபவர் ஏமாறமாட்டார்.

இருக்கை, ஹேண்டில்பார், பெடல் ஆகியவை பழையனவே போதும்; பளபளப்பு வேண்டுமென்றால் பின்னர் ஒரு டப்பா பெயிண்ட் அடித்துக் கொள்ளலாம். எங்கள் இளைஞன் பெயிண்டைத்தான் முதலில் வாங்க நினைத்தான்! பிரீவீல், செயின், முன்ரிம்மும் கம்பியும், பிரேக் சாமான், இரு டயர், பால்ரஸ், கிரீஸ் எல்லாம் சேர்த்து, அவன் கடையில் பார்த்துவைத்திருந்த புதிய கியர் சைக்கிளின் விலையில் கால்பங்குக்குச் சற்றுக் குறைவாகவே ஆயிற்று. வட்டிக்காரரிடம் போகாமலே தகப்பனாரின் ஒரு மாதக் கைச்சேமிப்பில் அது அடங்கியது.

முதலில் பின்னே 16 பல் வைத்துப் பார்த்தான். இரண்டு நாள் கழித்து வந்து, 18 வேண்டும் என்று தானே கேட்டுப் பெற்றான். கல்லூரி ஏற்றத்தில் இப்போதும் கடைசி வளைவில் இறங்கித் தள்ளுகிறான். மற்ற இடமெல்லாம் மிதித்தே ஏறிவிடுகிறான்.

புதிதாகப் பூட்டிய வண்டியை அப்படியே விட்டுவிடலாகாது. முதல் வாரம் ஓடிய பின் பெடல் கிராங்கின் போல்ட்டுகளை மறுபடியும் இறுக்க வேண்டும். அவை சிறிது தளர்ந்தே இருக்கும். கோட்டம் எடுத்த சக்கரத்தில் கம்பிகள் இருப்புக் கொள்ள ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதன்பின் மீண்டும் ஒருமுறை சுற்றிப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். நீளக் காடியுள்ள வண்டியில் செயினை நடுவே விரலால் அசைத்தால் அரை அங்குலம் மேலும் கீழும் ஆட வேண்டும். விறைத்து நின்றால் பால்ரஸ் தேயும், அதற்குமேல் தொங்கினால் கழலும். மாதம் ஒருமுறை அடிக்கோலை எடுத்துச் செயினை அளந்து, வீட்டுச் சுவரிலுள்ள நாட்காட்டியில் அளவைக் குறித்து வரும்படி இளைஞனிடம் சொல்லியிருக்கிறேன்.